நோய் வரிசை

செங்கமலம் அந்த வயலில் முதலில் விதைத்தது நோயைத்தான். கேட்டால் சிரிப்பு வரும். எவனாவது கைக்காசு போட்டுச் சீக்கு வாங்கி வந்து வாசலில் கட்டி வைப்பானா? அவள் வைத்தாள். அதுவும் ஒவ்வொரு பட்டத்திலும், கயிறு பிடித்து, கோணல் இல்லாமல்.

பிள்ளைப்பாக்கத்துக்கு மேற்கே, ஏரிக்கால்வாய் ஓரமாக இருந்தது அந்தப் பயறுப் பண்ணை. புது உளுந்து ரகம் உண்டாக்குவதுதான் அங்கே வேலை. உளுந்துக்கு எமன் மஞ்சள் தேமல். வெள்ளை ஈ என்று ஊதினால் பறக்கிற பூச்சி ஒன்று. சீக்குச் செடியில் சாறு குடித்துவிட்டு நல்ல செடியில் போய் உட்காரும். பத்துப் பதினைந்து நாளில் அந்த நல்ல செடியும் மஞ்சளித்து நிற்கும். அப்புறம் ஆட்டுக்குப் போடத்தான் ஆகும். மருந்தடித்தும் மாளாது, மருந்து வாங்கவே உளுந்தை விற்க வேண்டும். ஆகவே நோய் தொடாத ரகம் வேண்டும். தொடாது என்பது எப்படித் தெரியும்? நோயை நடுவே விட்டுப் பார்த்தால்தான் தெரியும். அதனால் சோதிக்கிற ரகம் இரண்டு வரிசை, அதற்குப் பக்கத்தில் சட்டென்று சீக்கு வாங்கும் பழைய உளுந்து ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி விதைப்பார்கள். பழைய உளுந்து முதலில் மஞ்சளாகும். அங்கிருந்து ஈ நோயை எடுத்துப் போய் எல்லாருக்கும் பந்தி பரிமாறும். பந்தியில் உட்கார்ந்தும் கை நனைக்காமல் எழுந்து வருகிற ரகம்தான் தேர்ந்த ரகம்.

அந்தப் பழைய உளுந்துக்குப் பண்ணையில் நோய் வரிசை என்று பெயர். அதைப் பிடுங்கக் கூடாது. வயலில் ஒரு சொட்டு மருந்து விழக் கூடாது. சட்டம் அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொன்னால்கூடப் புரிந்துவிடும்.

தொண்ணூற்றொன்றாம் வருஷத்து மாசிப் பட்டம்தான் கடைசிச் சோதனை. அதில் தேறினால் ரகம் ஊருக்குள் போகும். எத்தனையோ கலப்பு செய்து, எத்தனையோ கழித்துக்கட்டி, மிச்சம் இருந்தவை இரண்டு. ஒன்று செங்கமலத்தின் பதினேழாம் நம்பர். மலையில் தானாக முளைத்துக் கிடந்த காட்டுப் பயற்றின் தாதை எடுத்து நம் உளுந்தோடு சேர்த்தவள் அவள். விடிவதற்குள் பூ மொட்டுகளைக் குண்டூசியால் பிளந்து, கண் எரிய எரிய எட்டு வருஷம் செய்த வேலை. காட்டு ரத்தம் இருந்ததால் அதன் இலை ஒல்லியாக நீண்டிருக்கும். வேலையாட்கள் அதற்குக் குச்சி இலை என்று பெயர் வைத்தார்கள். மற்றது பண்ணைத் தலைவர் ராஜசேகருடைய நாற்பத்திரண்டாம் நம்பர். வட்ட இலை, பளபளவென்று பருமனான மணி, காய்ப்பும் அதிகம். நோய் தாங்குமா என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்குத்தான் இந்த வயல்.

விதைப்பின் முதல் நாளன்று வேலை முடிந்து கிளம்பிய பெண்களை வாசலில் நிறுத்தி மடியை உதறச் சொன்னாள் செங்கமலம். பண்ணையில் அது வழக்கம். சோதனை விதை ஒரு மணி வெளியே போனாலும் கலப்படமாகிவிடும் என்பது அவள் கட்சி. பாப்பம்மாளின் மடியை மட்டும் இரண்டு தரம் உதறச் சொன்னாள். பாப்பம்மாள் கால்வாய்க்கு அந்தப் பக்கம் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவள். போன வருஷம் அவள் வீட்டு முறத்தில் பண்ணைப் பயறு இருந்ததாக யாரோ சொல்லியிருந்தார்கள். அவளும் செங்கமலத்தின் வயதுதான், நாற்பதைத் தொட்டவள். எல்லார் எதிரிலும் இரண்டாம் தரம் உதறியபோது அவள் முகம் கறுத்துப்போனது. செங்கமலம் அதைக் கவனிக்கவில்லை. விதையைத்தான் கவனித்தாள்.

முளைத்து இரண்டு இலை விட்ட நேரத்தில் செங்கமலத்துக்கு அம்மை போட்டது. ஸ்ரீபெரும்புதூர் வீட்டு வாசலில் வேப்பிலையைச் செருகிய மாமியார், “ஆத்தா எறங்கி, மூணாம் தண்ணி ஊத்துற வரைக்கும் வாசப்படி தாண்டப் பிடாது. வயலாம் வயலு!” என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். மூன்றாம் தண்ணீர் ஊற்றியும் காய்ச்சல் விடவில்லை, சளி நெஞ்சில் கட்டிக்கொண்டது. அம்மை வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள், ஆகவே சேதியும் வரவில்லை. பாயில் படுத்தபடி அவள் நினைத்துக்கொண்டதெல்லாம் நோய் வரிசை இந்நேரம் மஞ்சளாகியிருக்கும் என்றுதான். உலகத்தில் வேறு எவளும் அப்படி ஒரு நினைப்பில் சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

பங்குனி பாதிக்கு மேல் போன பிறகுதான் அவளால் பஸ் ஏற முடிந்தது. ரோட்டோரச் சுவர்களில் எலக்‌ஷன் எழுத்து புதிதாக நாறிக்கொண்டிருந்தது. பண்ணை வேலிக்கு அப்பால் இருந்த தரிசில் யாரோ மனைக்கல் நட்டிருந்தார்கள். கேட்டைத் திறந்து வரப்பில் ஏறினாள். வயல் பச்சைப் பசேலென்று, எண்ணெய் தடவி வாரிய தலை மாதிரி இருந்தது. முதல் மூச்சுக்கு நெஞ்சு குளிர்ந்தது. இரண்டாம் மூச்சுக்குப் பகீரென்றது.

மஞ்சள் எங்கே?

இறங்கிப் பார்த்தாள். இரண்டு வரிசைக்கு ஒரு வரிசை வெறும் மண்ணாகக் கிடந்தது. நோய் வரிசை ஒன்றுகூட இல்லை. அடியோடு பிடுங்கி, மண்ணைக் கொத்தி மட்டமாக்கியிருந்தார்கள். குனிந்து ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்தாள். மருந்து வாடை குப்பென்று அடித்தது.

மேஸ்திரி தசரதன் மோட்டார் கொட்டகையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டே வந்தான்.

“யார்ரா பிடுங்கினது?”

“சார்தான் மேடம் சொன்னாரு. மஞ்சக் காட்டத் தொடங்கின ஒடனே பிடுங்கிடச் சொன்னாரு. வாரத்துக்கு ஒரு வாட்டி மருந்தும் அடிக்கச் சொன்னாரு. நானு மேடம் வரட்டும் சார்னேன். ‘நீ மேஸ்திரியா, நான் மேஸ்திரியா’ன்னு கேட்டாரு.”

செங்கமலம் ஆபீசுக்கு நடந்தாள் என்று சொல்வது சரியில்லை. பாய்ந்தாள். காய்ச்சலில் கிடந்த உடம்பு அது என்று பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

ராஜசேகர் நாற்காலியில் சாய்ந்து, ரகத்தைத் தேர்வு செய்ய வரும் கமிட்டிக்கு எத்தனை இளநீர் வேண்டும் என்று வாட்ச்மேனிடம் பேசிக்கொண்டிருந்தார். “வாங்க செங்கமலம்! ஒடம்பு தேவலையா? வயலைப் பார்த்தீங்களா, எப்படிக் கீது?” என்றார்.

“பார்த்தேன் சார். என் நோய் வரிசையைக் காணோம்.”

“நல்ல நாள் அதுவுமா நோய், நோய்னு... உக்காருங்க மொதல்ல.”

“எதுக்கு சார் பிடுங்கினீங்க?”

அவர் சிரிப்பைக் கழற்றி வைத்தார். “போன வருஷம் கமிட்டி வந்தப்ப இன்னா கேட்டாங்க, ஞாபகம் கீதா? ‘இது பண்ணையா, மஞ்சக்காமாலை ஆஸ்பத்திரியா’ன்னு கேட்டாங்க. என் மூஞ்சியைப் பார்த்து! அந்தப் பக்கம் கல்லு நட்டுக்கினு வர்றாங்க, பார்த்தீங்கல்ல? ரோட்டோர நிலம். பத்து வருஷத்துல ஒரு ரகம்கூட வெளிய வராத பண்ணை எதுக்குன்னு மேல கேக்கறாங்க. நாளைக்கு வர்ற கமிட்டி பச்சையைப் பார்க்கணும். அவ்ளோதான்.”

“நாளைக்கா?”

“நாளைக்குத்தான். ஏம்மா, உங்களுக்கு இன்னா நஷ்டம்? நாப்பத்திரண்டும் பச்சையா கீது, பதினேழும் பச்சையா கீது. ரெண்டும் தேறட்டும். உங்க எட்டு வருஷமும் வீணாகாது.”

“பரீட்சையே நடத்தாம எல்லாருக்கும் நூத்துக்கு நூறு போட்டிருக்கீங்க சார். இதை வாங்கிக்கினு போய் விதைக்கிறவன் இன்னா ஆவான்? மருந்துச் செலவு இல்லன்னு நம்பித்தானே வாங்குவான்?”

“விதைக்கிறவன் மருந்தடிச்சுக்குவான். அடிக்காமலா இருக்கான்?”

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்கா ஒரு பண்ணை, ஒரு ஜீப்பு, ஒரு தலைவர்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பார்த்திருக்கலாம். இவர் வயலையே மறைத்துவிட்டு, மேலே இளநீரும் வெட்டி வைக்கிறார். “நாளைக்கு நான் சொல்லத்தான் சொல்லுவேன்” என்று வாசல் பக்கம் திரும்பினாள் செங்கமலம்.

“எதை வச்சிச் சொல்லுவீங்க? நோய் வரிசை இருந்ததுன்னு மண்ணைக் காட்டுவீங்களா? காட்டுங்க” என்றார் அவர்.

கேட்டுக்கு வெளியே வந்தால் அங்கே பாப்பம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். கோபம் வந்தவளை வழிமறிக்க இன்னொரு கோபக்காரி.

“ஏம்மா, நாளைக்கு யாரோ வந்து உங்க வெதையைப் பாஸ் பண்ணப் போறாங்களாமே. இன்னா பாஸு? உங்க வெதை பொய் வெதைம்மா!”

“இன்னா சொல்ற நீ?”

“சீக்கே வராதுன்னு சொல்லிக்கினு இருந்தீங்களே, வாய் ஓயாம. என் வரப்புல வந்து பாருங்க. மஞ்சத் தண்ணி ஊத்தின மாரி கீது.”

செங்கமலம் கால்வாய்ப் பக்கம் திரும்பினாள். “உன் வரப்புல பண்ணை விதை எப்படி வந்தது?”

“மடியைத்தானே ஒதறச் சொன்ன? கொண்டையை அவுக்கச் சொல்லலியே” என்றாள் பாப்பம்மாள், கண் இமைக்காமல். “ரெண்டு தபா ஒதறச் சொன்னியே, அதுக்குத்தான் மறுநாளு மிச்சம் விதைக்கிறப்ப ரெண்டு பிடி எடுத்தேன், ரகத்துக்கு ஒண்ணு.”

வேறு நாளாக இருந்தால் செங்கமலம் ஊரைக் கூட்டியிருப்பாள். இப்போது அவளுக்குத் தலைக்குள் விளக்கு ஏற்றியது போலிருந்தது. கால்வாய்க்கு அந்தப் பக்கம், மருந்து படாத இடம், இரண்டு ரகமும் வரப்பில்! இலையைப் பார்த்தாலே எது எதுவென்று தெரிந்துவிடும். ராஜசேகர் கேட்டாரே, எதை வைத்துச் சொல்லுவாய் என்று. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கால்வாயில் இறங்கினாள். பாப்பம்மாள் பின்னால் திட்டிக்கொண்டே வந்தாள்.

பாப்பம்மாள் நிலத்தில் வெண்டை போட்டிருந்தாள். தட்டினால் வெள்ளை ஈ பொடி மாதிரி எழும்பியது. சுற்றி வரப்பில் உளுந்து. வட்ட இலை அத்தனையும் மஞ்சள். ஒரு செடி, ஒரே ஒரு செடிகூடப் பச்சையாக இல்லை. “வாங்க சார், வந்து பாருங்க உங்க ராஜாவை!” என்று வாய்விட்டே சொன்னாள் செங்கமலம். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

அப்புறம் குச்சி இலையைத் தேடினாள்.

இருந்தது. வரப்பு வளைவில் ஓடியது. முதல் செடி பச்சை. அடுத்தது மஞ்சள். அதற்கடுத்தது மஞ்சள். நடந்தாள். குனிந்தாள். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பாதிக்கு மேல் விழுந்திருந்தது. ஆங்காங்கே சில செடி மட்டும், கீழ்க்காய் கறுத்து, இலையில் ஒரு பொட்டு மஞ்சள் இல்லாமல் நின்றது. மற்றவை நாற்பத்திரண்டுக்குத் தம்பிகள்.

ஆத்திரத்தில் அழுகை வந்தது. முந்தைய வருஷங்களில் பண்ணையில் இத்தனை ஈ இருந்ததில்லை. பதினேழு தாங்கிவிட்டது, அவளும் நம்பிவிட்டாள். நோய் சரியாக அடித்தால் சாய்கிற சாதிதான் இதுவும். எட்டு வருஷம்! அந்தச் செடிகளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. ராஜசேகர் மருந்தடித்தது நாற்பத்திரண்டை மட்டுமா காப்பாற்றியது? இவளையும் சேர்த்துத்தான் காப்பாற்றியிருக்கிறது. நாளைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றால் பதினேழாம் நம்பர் தேறும், செங்கமலம் பெயர் நிற்கும், பண்ணையும் நிற்கும். வாயைத் திறந்தால் எல்லாம் போகும். முதலில் போவது அவளுடையது. இந்தப் பாவி மனுஷன் தன்னையும் கூட்டுக்களவாணி ஆக்கிவிட்டானே என்பதுதான் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட எரிந்தது.

“பார்த்தியா?” என்றாள் பாப்பம்மாள். “இட்லிக்கு ஆவும்னு போட்டேன். ஒரு படி தேறாது.”

செங்கமலம் கால்வாயைத் தாண்டி பஸ்ஸுக்கு நடந்தாள். அன்று அவள் வீட்டில் சாப்பிட்டாளா என்று மாமியாரைத்தான் கேட்க வேண்டும்.

மறுநாள் ஜீப் இரண்டு வந்தன. கமிட்டித் தலைவர் வெங்கடேசன் மதராஸ்காரர், அதிகம் பேசாத மனிதர். ராஜசேகர் அவரை மாப்பிள்ளை மாதிரி வரப்பில் அழைத்துப் போனார். “ஒரு மஞ்ச இலை காட்டுங்க சார், என் மீசையை எடுத்துடறேன்” என்று சிரித்தார். வெங்கடேசன் இரண்டு மூன்று இடத்தில் குனிந்து பார்த்தார். திருப்தியாகத்தான் இருந்தது அவர் முகம். பிறகு, முகமெல்லாம் அம்மைத் தழும்போடு ஓரமாக நின்ற செங்கமலத்தைப் பார்த்தார்.

“பதினேழு உங்க ரகம்தானேம்மா? நோய் எப்படித் தாங்குது?”

“தெரியாது சார்.”

“தெரியாதுன்னா?”

“இங்க நோயே இல்ல சார். நோய் வரிசையைப் பிடுங்கியாச்சு, வாரா வாரம் மருந்து அடிச்சாச்சு. இந்த மண்ணைப் பாருங்க, வரிசை இருந்த இடம். நோய் இல்லாத வயல்ல எது நோய் தாங்கும்னு சொல்ல நான் ஜோசியக்காரி இல்ல.”

ராஜசேகர் குறுக்கே வந்தார். “அம்மை போட்டுப் பொழைச்சவங்க சார். ரொம்ப நாள் காய்ச்சல். இன்னும் ஒடம்பு ஒரு நிதானத்துக்கு வரலை.”

பெண்பிள்ளை உண்மையைச் சொன்னால் அந்த நிமிஷமே அவள் உடம்புக்கு ஏதாவது ஆகிவிடும். எந்த ஊரிலும் இதுதான் கதை. செங்கமலம் அவர் பக்கம் திரும்பவே இல்லை. “கால்வாயைத் தாண்டி வர முடியுமா சார்?” என்று வெங்கடேசனைக் கேட்டாள்.

அவர் செருப்பைக் கழற்றினார். கமிட்டி மொத்தமும் வேட்டியையும் பேன்ட்டையும் மடித்துக்கொண்டு இறங்கியது. பாப்பம்மாளின் வரப்பில் நாற்பத்திரண்டாம் நம்பர் மஞ்சளாக வரவேற்றது.

“இது இன்னா சோதனை வயலா?” என்று கத்தினார் ராஜசேகர். “எவளோ ஒரு கெழவியோட வரப்பு! வேலிக்கு ஓணான் சாட்சியா?”

“யாரு கெழவி?” என்று வெண்டைக்குள்ளிருந்து குரல் வந்தது. “என் வூட்டு வரப்புல ஏறி நின்னுக்கினு என்னையே கெழவின்றியா?”

வெங்கடேசன் வட்ட இலையைக் கிள்ளி முன்னும் பின்னும் பார்த்தார், ஒரு காயையும் உடைத்துப் பார்த்தார். “இது நாற்பத்திரண்டுதான். இந்த மணியை நான் வேற எங்கயும் பார்க்கல” என்றார். பிறகு வளைவைப் பார்த்தார். “அங்க அந்த ஒல்லி இலை?”

வளைவில் செங்கமலம் நின்றிருந்தாள். நகராமல் நின்றிருந்தால் புடவையே பாதி வரிசையை மறைத்திருக்கும். அவள் விலகி வழிவிட்டாள்.

“அது என்னோடது சார். பதினேழு. பாதிக்கு மேல விழுந்துடுச்சு.”

வெங்கடேசன் வளைவுக்குப் போய்க் குனிந்து பார்த்தார். ராஜசேகர், வாய்க்குள் பேசுவதாக நினைத்து எல்லாருக்கும் கேட்கும்படி, “தன் தலையில தானே மண்ணை வாரிப் போட்டுக்கினா” என்றார்.

“வரப்பை வச்சு எந்த ரகத்தையும் நான் தேர்வு பண்ண முடியாது” என்றார் வெங்கடேசன். “ஆனா அந்த வயலை வச்சும் முடியாது. இந்தப் பட்டம் செல்லாது. ரெண்டு ரகமும் திரும்பச் சோதனைக்குப் போகட்டும்.” பிறகு கால்வாயில் இறங்கினார். அரை மணியில் ஜீப்புகள் போய்விட்டன. வெட்டாத இளநீர் கேட்டோரம் குவிந்து கிடந்தது. அடுத்த பட்டத்துக்குப் பண்ணை இருக்குமா, மனைக்கல் இருக்குமா என்று யாருக்கும் தெரியாது.

செங்கமலம் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். கோபம் தீர்ந்தபாடில்லை, யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. அப்புறம் எழுந்து, மஞ்சள் விழாத குச்சி இலைச் செடிகளாகத் தேடி, கறுத்த காயை ஒவ்வொன்றாகப் பறித்து மடியில் போட்டுக்கொண்டாள். இத்தனை ஈக்கு நடுவில் நின்ற செடி சும்மா நிற்கவில்லை. இதில் இருக்கிறது, அவள் எட்டு வருஷமாகத் தேடியது. இனி இதிலிருந்து தொடங்க வேண்டும்.

“இன்னா பண்ற?” பாப்பம்மாள் எதிரே நின்றாள்.

“பச்சையா நிக்கிற செடியில மட்டும் காய் எடுத்துக்கிறேன் பாப்பம்மா. இதை விதைச்சா...”

“யாரைக் கேட்டு?”

செங்கமலம் நிமிர்ந்தாள்.

“உன் பண்ணையில நானு எடுத்தா திருட்டு. என் வரப்புல நீ எடுத்தா ஆராய்ச்சியா?” என்று கேட்டாள் பாப்பம்மாள். இரண்டு மாசமாக உள்ளே வைத்திருந்த குரல். “அத்தினி பேர் எதிர்ல நிக்க வச்சியே. ரெண்டு தபா. ஒதறு.”

பாப்பம்மாள் விளையாடவில்லை. மேஸ்திரி தசரதன் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வேலைக்கு வந்த பெண்கள் நாலைந்து பேரும் நின்றார்கள்.

செங்கமலம் மடியைப் பிரித்து உதறினாள். காய்கள் வரப்பில் சிதறின.

“இன்னொரு தபா.”

மறுபடியும் உதறினாள். ஒன்றும் இல்லை. முகம் எரிந்தது. அன்று பாப்பம்மாளுக்கு எரிந்ததும் இப்படித்தான் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாப்பம்மாள் குந்தி உட்கார்ந்து காய்களைப் பொறுக்கினாள். எல்லாவற்றையும் தன் மடியில் கட்டிக்கொண்டு எழுந்தாள்.

“உன் பண்ணை இருக்குமோ போவுமோ. என் வரப்பு இங்கதான் கீது. ஈயும் கீது, சீக்கும் கீது. அடுத்த பட்டத்துக்கு நானே போடறேன். பார்க்கணும்னா வந்து பாரு” என்றாள். நாலடி போய்த் திரும்பினாள். “வர்றப்ப கேட்டுக்கினு வா.”

“கேட்டுக்கினு வர்றேன்” என்றாள் செங்கமலம்.